இரண்டாம் ஆண்டில் இலை மட்டும் வந்த டியூலிப்பும், பக்கத்து வீட்டு அம்மையார் சொன்ன 'லாலே'யும்

மல்லிகைப்பந்தல் (மே 17)

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி, பத்து ஆண்டுகளாக டொரண்டோவின் கிழக்குப் புறநகரில் இருக்கிறேன். என் கேள்விகள் இரண்டு. முதலாவது தோட்டம் பற்றியது. மற்றது தோட்டத்தைத் தாண்டியது.

கடந்த ஆண்டுக்கு முந்தைய அக்டோபரில், வாசல் புல்வெளியின் ஓரமாக 'ஆப்பல்டோர்ன்' என்ற சிவப்பு டியூலிப் வகையில் 50 கிழங்குகளை நட்டேன். அடுத்த மே மாதத்தில் 48 பூத்தன. தெருவில் நடப்பவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இதழ் உதிர்ந்த பிறகு இலைகள் சரிந்து அலங்கோலமாகத் தெரிந்ததால், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிட்டேன். கோடை முழுவதும் புல்லுக்குத் தெளிப்பான் வைத்து நாள் தவறாமல் நீர் விட்டேன். இந்த ஆண்டு வந்தவை ஏழு பூக்கள் மட்டுமே. மீதி இடமெல்லாம் காதுமடல் போல அகலமான ஒற்றை இலை நிற்கிறது. கடையில் கேட்டபோது, "டியூலிப் என்றால் அப்படித்தான், ஆண்டுதோறும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். இது உண்மையா, அல்லது நான்தான் ஏதேனும் தவறு செய்தேனா?

இரண்டாவது கேள்வி. பக்கத்து வீட்டில் எழுபதைக் கடந்த ஈரானிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு பூத்திருந்தபோது வேலியருகே வந்து வெகுநேரம் நின்றார். "லாலே" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த ஆண்டு நான் ஒரு பூவைப் பறித்துக் கொடுக்கப் போனேன். அவர் அதை வாங்கி, இதழை விரலால் விலக்கி, அடியில் இருக்கும் கறுப்புத் திட்டைக் காட்டி, தன் தம்பி போருக்குப் போய்த் திரும்பவில்லை என்றார். நான் கொடுத்தது அவரைப் புண்படுத்திவிட்டதோ என்ற கவலை இன்னும் போகவில்லை. அந்தப் பூவுக்கு அவர்கள் ஊரில் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வயல்வரப்பு (மே 17)

சகோதரி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். ஒல்லாந்தில் (நெதர்லாந்தில்) கிழங்கு வயல்களிலும் தரம் பிரிக்கும் கொட்டகைகளிலும் பல பருவங்கள் வேலை செய்தவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் நட்ட கிழங்கு இப்போது உயிரோடு இல்லை. இதைக் கேட்டு வருந்த வேண்டாம். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் அது இருந்திருக்காது. ரியூலிப்பின் குமிழம் (பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம், வீட்டில் கிழங்கு என்றுதான் சொல்கிறோம்) வெங்காயத்தைப் போலச் சதைப்பற்றான செதில்களை அடுக்கி வைத்திருக்கிறது. இளவேனிலில் முளைத்து, பூத்து முடிவதற்குள் அந்தச் செதில்கள் முழுவதும் கரைந்து, பழுப்புத் தோல் மட்டும் எஞ்சுகிறது. செதில்களின் இடுக்குகளில் இருந்த சிறு மொட்டுகள் அதே வேளையில் புதிய கிழங்குகளாகத் திரள்கின்றன. நம் ஊர் வாழையை நினைத்துக்கொள்ளுங்கள்: குலை தள்ளிய மரம் சாய்கிறது, பக்கக் கன்று நிற்கிறது. நார்சிசஸ் என்ற குமிழப் பூச்செடி அப்படியில்லை, அதன் குமிழம் ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே போகும்.

ஆகவே இரண்டாம் ஆண்டில் பூ வருமா வராதா என்பது, முதல் ஆண்டுப் பூ வாடிய பின் வரும் ஐந்தாறு வாரங்களில் அந்தக் கன்றுகள் எவ்வளவு தின்றன என்பதைப் பொறுத்தது. அவற்றுக்குச் சோறு போடுவது இலை. நீங்கள் இலையை வெட்டியதால் கன்றுகள் பட்டினி கிடந்தன. ஒரு பெரிய கிழங்குக்குப் பதிலாக மூன்று நான்கு சின்னக் கிழங்குகள் வந்திருக்கும். சிறிய கிழங்கு பூவை உருவாக்காது, ஒற்றை இலையைத்தான் விடும். உங்கள் காதுமடல் இலை அதுதான்.

எங்கள் வயல்களில் நேர்மாறாகச் செய்வார்கள். பூ விரிந்து, நிறம் சரிதானா என்று பார்த்த உடனே, இயந்திரத்தை விட்டுப் பூத்தலையை மட்டும் கொய்துவிடுவார்கள்; இலையில் கை வைக்கமாட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் வந்து இறங்கும்போது வயல் முழுவதும் வெறும் பச்சைத் தண்டுகளாக நிற்கும். வரப்பில் சிவப்பும் மஞ்சளும் குவியலாகக் கிடந்து அழுகும். முதல் ஆண்டு பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பூவுக்காக அல்ல, கிழங்குக்காகவே அந்த வயல் என்று விளங்க ஒரு பருவம் பிடித்தது.

உங்கள் இரண்டாவது தவறு தண்ணீர். இந்தச் செடியின் பிறப்பிடம் நடு ஆசியாவின் தியான்சான், பாமிர் மலைச்சரிவுகள். அங்கே கொடிய பனிக்காலம், குறுகிய ஈரமான வசந்தம், பிறகு வெந்து காய்ந்த கோடை. கோடையில் மண்ணுக்கடியில் சூடாகவும் காய்ந்தும் கிடக்கும்போதுதான் அடுத்த ஆண்டுப் பூ கிழங்குக்குள் உருவாகிறது. ஆகஸ்ட் கடைசியில் நல்ல கிழங்கு ஒன்றை நெடுக்காக அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஆறு இதழும், ஆறு மகரந்தத் தாளும், நடுவில் மூன்று மடல் கொண்ட சூலகமும் ஓர் அரிசிமணிக்குள் அடங்கியிருப்பது தெரியும். அந்த நாட்களில் நீங்கள் புல்லுக்கென்று விட்ட நீர் கிழங்கை அழுகவைக்கும்.

இந்தப் பருவம் இலை தானாக மஞ்சளாகிக் காயும்வரை விட்டுவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் தோண்டிப் பாருங்கள். ஆப்பல்டோர்ன் 'டார்வின் கலப்பு' வகையைச் சேர்ந்தது. திரும்பத் திரும்பப் பூப்பதில் ரியூலிப்புகளுக்குள் நல்ல பெயர் எடுத்த குடும்பம்.

பழம்பிரதி (மே 18)

அம்மையாரைப் பற்றிய கேள்விக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் அவரைப் புண்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கொடுத்தது வெறும் பூவாக அவர் கையில் போய்ச் சேரவில்லை.

பாரசீகக் கவிதையில் லாலே என்பது சிவந்த மதுக்கிண்ணம். அதே வேளையில் அது சூடு போட்ட நெஞ்சு. இதழின் அடியிலிருக்கும் கருந்திட்டை அவர்கள் 'தாக்' என்கிறார்கள். காய்ச்சிய இரும்பால் இட்ட தழும்பு என்று பொருள். பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்தவரைப் பற்றியும் 'தாக் கண்டவர்' என்ற வழக்கு பாரசீகத்தில் உண்டு. அவர் விரலால் தொட்டுக் காட்டியது அந்தத் தழும்பைத்தான். காதலி ஷிரீனுக்காக மலையைக் குடைந்த ஃபர்ஹாத், அவள் இறந்தாள் என்ற பொய்ச்செய்தி கேட்டு உயிர்விட்ட இடத்தில், அவன் குருதி சிந்திய மண்ணில் லாலே முளைத்தது என்ற கதை பழையது. (லாலே என்ற சொல் டியூலிப்பை மட்டுமன்றி, காட்டில் பூக்கும் வேறு சில சிவந்த பூக்களையும் குறிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் காதலன் நின்ற இடத்தில் நாட்டுக்காக மாண்டவர்கள் வந்து நின்றார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு, குறிப்பாக 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த போரில், டியூலிப் தியாகிகளின் பூவாகச் சுவரெங்கும் வரையப்பட்டது. 1980-இல் ஏற்கப்பட்ட ஈரானியக் கொடியின் நடுச்சின்னமே நான்கு பிறைகளும் ஒரு வாளும் கூடி டியூலிப் வடிவில் அமைந்ததுதான். ஆகவே அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு இப்பூ கவிதையின் பூவா, அரசின் சுவரோவியமா, தம்பியா என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

எல்லைக்கு அப்பால் துருக்கியில் இதே பூவுக்கு வேறு முகம் இருந்தது. அரபு எழுத்தில் 'லாலே' என்று எழுதினால் அலிஃப், லாம், லாம், ஹே என்ற அதே எழுத்துகளே வரிசை மாறி 'அல்லாஹ்' என்றாகின்றன. பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்ற சொல்லிலும் அவைதாம் இருக்கின்றன. ஒவ்வோர் அரபு எழுத்துக்கும் உள்ள எண்மதிப்பைக் கூட்டினால் மூன்று சொற்களுக்கும் 66. உருவம் வரையத் தயங்கிய பள்ளிவாசல்களில் இந்தப் பூ தாராளமாக நுழைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இஸ்தான்புல் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் இஸ்னிக் ஊர்ப் பூவேலை ஓடுகளில் எத்தனை வகை டியூலிப் என்று எண்ணத் தொடங்கினால் பாதியில் கணக்குத் தவறிவிடும். மூன்றாம் அகமது சுல்தானின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையிலான காலத்தைப் பிற்காலத்தார் 'லாலே காலம்' என்றே அழைத்தனர். இதழ் ஊசிபோல் நீண்டு கூர்ந்த பூக்களே அன்று உயர்ந்தவை. நம் கடைகளில் கிடைக்கும் முட்டை வடிவப் பூவை அந்த அரண்மனைத் தோட்டக்காரர்கள் ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த ஆடம்பரக் காலம் பட்ரோனா ஹலீலின் கலகத்தில் முடிந்தது. சுல்தான் அரியணையை இழந்தார், தலைமை அமைச்சர் இப்ராகிம் பாஷா உயிரை இழந்தார்.

வயல்வரப்பு (மே 18)

பழம்பிரதி ஐயா, குருதியில் முளைத்த பூ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது கார்த்திகைப்பூ. அதுவும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து மழைக்கு எழும்புவது. குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தள் என்ற இதே பூவுக்குக் 'குருதிப் பூ' என்று பெயர். எங்கள் ஆட்கள் நவம்பரில் அதை எதற்காக ஏந்துகிறார்கள் என்று இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. அந்த ஈரானிய அம்மா பூவை வாங்கி ஏன் பேசாமல் நின்றார் என்று எனக்கு விளங்குகிறது.

ஒட்டாவாவாசி (மே 19)

எங்கள் நகரத்துக்கு டியூலிப் என்றால் நன்றி. நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்தபோது இளவரசி யூலியானா பிள்ளைகளுடன் 1940-இல் இங்கே அடைக்கலம் வந்தார். 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவா சிவிக் மருத்துவமனையில் அவருக்கு மார்கிரெட் பிறந்தபோது, குழந்தைக்கு நெதர்லாந்துக் குடியுரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக, கனடிய அரசு அந்தப் பேற்றுப் பிரிவைக் கனடாவின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட இடமாக அறிவித்தது. போர் முடிந்த 1945-இல் நெதர்லாந்து 1,00,000 கிழங்குகளை அனுப்பியது. இன்றுவரை ஆண்டுதோறும் அன்பளிப்பு வந்துகொண்டிருக்கிறது. 1953 முதல் திருவிழாவும் நடக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே பூங்காப் பாத்திகளில் பூ முடிந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, இலையுதிர் காலத்தில் புதிதாகவே நடுகிறார்கள். ஆகவே கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யன்று. ஒரே உயரத்தில், ஒரே நாளில், ஒரே நிறத்தில் பூக்க வேண்டுமென்றால் அதுதான் வழி. வீட்டு வாசலுக்கு அவ்வளவு ஒழுங்கு தேவையா என்பது வேறு பேச்சு.

வயல்வரப்பு (மே 19)

அந்த 1,00,000 கிழங்கின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால், அதற்கு முந்தைய குளிர்காலத்தை நினைக்க வேண்டும். 1944-45 பஞ்சத்தில் மேற்கு ஒல்லாந்து மக்கள் இதே கிழங்கை அவித்துத் தின்றார்கள். நடுவிலுள்ள மஞ்சள் முளை நஞ்சென்று கீறி எறிந்துவிட்டு, மீதியை மாவாக்கிக் கூழ் காய்ச்சியதாக, நான் வேலை செய்த ஊரில் ஒரு முதியவர் சொன்னார். அவர் வீட்டு வாசலில் எல்லாப் பூவும் இருந்தது. ரியூலிப் மட்டும் இல்லை.

மொட்டைமாடி (மே 20)

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். திரைப்படப் பாடல்களில் நாயகனும் நாயகியும் ஓடுகிற அந்த வயல்களைப் பார்த்து வளர்ந்தவன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இங்கும் பூக்கும் என்கிறார்களே, முயன்று பார்க்கலாமா?

மற்றொரு ஐயம். ஒரு கிழங்கின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாம் என்ற காலம் இருந்ததாகவும், அதனால் ஒரு நாடே திவாலானதாகவும் படித்திருக்கிறேன். அது எந்த அளவுக்கு உண்மை?

பழம்பிரதி (மே 20)

முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி மிகை. 1636-37 குளிர்காலத்தில் ஹார்லெம் முதலிய ஊர்களின் மதுக்கடைகளில், மண்ணுக்குள் கிடந்த கிழங்குகள் சீட்டில் கைமாறின. கண்ணால் பார்க்காத பொருளை விற்றதால் மக்கள் அதைக் 'காற்று வணிகம்' என்றார்கள். 'செம்பெர் அகஸ்டஸ்' என்ற வெள்ளையில் சிவப்புச் சுடர் ஓடிய வகைக்கு ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரை வீட்டின் விலை சொல்லப்பட்டது. 1637 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹார்லெமில் ஒரு நாள் வாங்க ஆளில்லாமல் போனது. சில நாட்களில் சந்தை சரிந்தது. ஆனால் நாடு திவாலாகவில்லை. ஆவணங்களைத் துருவிய வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்கர், உண்மையில் நொடித்துப் போனவர்கள் மிகச் சிலரே என்று காட்டியிருக்கிறார். பேராசையைக் கண்டித்து அக்காலத்தில் அச்சிட்ட துண்டறிக்கைகளைப் பின்வந்தவர்கள் வரலாறாக எடுத்துக்கொண்டதே இந்த மிகைக்கு வேர்.

வயல்வரப்பு (மே 21)

அந்தச் சுடர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மொட்டைமாடி தம்பி சிரிப்பார். அது நோய். அசுவினிப் பூச்சி ஒரு செடியின் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் வைரஸ், இதழின் நிறமியை அங்கங்கே தடுத்துவிடுவதால் அடியிலுள்ள வெள்ளையோ மஞ்சளோ வரிவரியாகத் தெரிகிறது. இது வைரஸ்தான் என்று 1920-களின் கடைசியில்தான் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் டோரதி கேய்லி நிறுவினார். நோயுற்ற கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு மெலியும், கன்றும் குறைவாகத்தான் விடும். அதனாலேயே அது அரிதாகி விலை ஏறியது. இன்று எங்கள் வயல்களில் பூக்கும் காலத்தில் வரிசை வரிசையாக நடந்து, ஓர் இதழில் ஒரு கோடு கண்டாலும் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். அன்று வீட்டை விற்று வாங்கியதை இன்று சம்பளம் கொடுத்துப் பிடுங்குகிறோம். கடையில் இப்போது விற்கும் வரிப்பூக்கள் நோயில்லாமல் கலப்பினால் வந்தவை.

சென்னையில் முயலலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிழங்கைக் காகிதப் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஏறக்குறைய 5 பாகை செல்சியஸில், 14 வாரமாவது வைக்க வேண்டும். அந்தக் குளிர் இல்லாவிட்டால் தண்டு நீளாது; பூ மண்ணை ஒட்டியே கருகிவிடும். அதே பெட்டியில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக்கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளேயிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். வீட்டில் சொன்னால் சண்டை வரும், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஜனவரித் தொடக்கத்தில் தொட்டியில் நட்டு, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில நாள் பூவைப் பார்க்கலாம். டெல்லியில் சாந்தி பத் சாலையோரத்தில் பிப்ரவரியில் பூப்பவையும் இப்படிக் குளிரூட்டி இறக்குமதியானவைதாம். மறு ஆண்டுக்கு அந்தக் கிழங்கு உதவாது. ஸ்ரீநகரின் ஜபர்வான் மலையடிவாரத் தோட்டத்துக்கு ஏப்ரலில் ஒருமுறை போய்வருவது மலிவாகவும் முடியலாம்.

மல்லிகைப்பந்தல் (ஜூலை 6)

உங்கள் சொற்படி இலை முற்றிலும் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும் நிலையில் நேற்றுத் தோண்டினேன். பக்கத்து வீட்டு அம்மையாரும் சிறு முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார். வயல்வரப்பு அண்ணா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. பல இடங்களில் பழைய கிழங்கின் பழுப்புத் தோல் வெற்றுப் பையாகக் கிடந்தது. அதற்குள் பூண்டுப் பற்கள் போல மூன்று, நான்கு. புல்வெளியை ஒட்டிய வரிசையில் பாதி அழுகிக் கூழாகியிருந்தன. மொத்தம் 112 தேறின. அவற்றில் நல்ல வெங்காயப் பருமனில் இருந்தவை 19. கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, வலைப்பையிலிட்டு வாகனக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். கைவிரல் நுனிகள் சிவந்து அரிக்கின்றன; இது எதனால் என்று தெரியவில்லை.

'தாக்' பற்றி அவரிடம் மெல்லக் கேட்டேன். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்ததில் அவருக்கு வியப்பு. கொடியில் இருக்கிற பூவைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை. கையை வீசி அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டார். சிறு வயதில் தம்பியும் அவரும் மலைச்சரிவில் பார்த்த பூவைப் பற்றி மட்டும் பேசினார். அதை யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று இரண்டு முறை சொன்னார். அவர்களின் புத்தாண்டான நவ்ரூஸ் நாளுக்கு நான் டியூலிப் தொட்டி கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அன்று வீட்டில் பரப்பும் ஹஃப்த்சீன் விரிப்பில் வைப்பது 'சொம்போல்' என்ற ஹையசிந்த் பூ, அதைக் கொண்டு வா, இது மண்ணிலேயே வரட்டும் என்றார். பெரிய 19 கிழங்குகளில் பாதியை அவருக்கு எடுத்து வைத்தேன். அவர் அவற்றை விட்டுவிட்டு, சின்னவற்றில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, எத்தனை ஆண்டில் பூக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வயல்வரப்பு (ஜூலை 7)

விதையிலிருந்து என்றால் ஆறேழு ஆண்டு ஆகும். கன்றுக் கிழங்குக்கு அவ்வளவு வேண்டாம். பூண்டுப்பல் அளவுக்கு இரண்டு ஆண்டு, கொஞ்சம் பெரிதென்றால் அடுத்த ஆண்டே வரலாம். வெயில் விழுகிற, கோடையில் தெளிப்பான் எட்டாத இடத்தை அவருக்குத் தேர்ந்து கொடுங்கள்.

விரல் அரிப்புக்குக் காரணம் கிழங்கின் சாறு. எங்கள் கொட்டகையில் அதற்கு 'ரியூலிப் விரல்' என்றே பெயர். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணிக் கையுறையும் மெல்லிய மருத்துவக் கையுறையும் போதாது, நைட்ரைல் வேண்டும்.

மல்லிகைப்பந்தல் (அக்டோபர் 14)

இந்தச் சனிக்கிழமை நடுகிறோம். அவர் வீட்டுத் தெற்குச் சுவரோரம் அவருடையவை. என்னுடையவை புல்வெளியிலிருந்து தள்ளி, மணல் கலந்த மேட்டுப் பாத்தியில். எங்கள் தெருவின் கறுப்பு அணில்கள் மண்வெட்டியைப் பார்த்ததுமே வேலியில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆழமும், கம்பிவலையின் கண்ணளவும் சொன்னால் உதவியாக இருக்கும். எலும்புத்தூள் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வயல்வரப்பு (அக்டோபர் 14)

பெரியவற்றுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர். சின்னவற்றுக்கு அதில் பாதி போதும், வேண்டிய ஆழத்துக்கு அவையே ஒரு குழாய் விட்டுக் கீழே இறங்கிக்கொள்ளும். எலும்புத்தூள் வேண்டாம், அந்த மணத்துக்கு அணிலும் நாயும் வரும்; வசந்தத்தில் முளை தலைகாட்டும்போது உரம் இடுங்கள். நடுநடுவே நார்சிசஸ் வையுங்கள், அதன் நஞ்சுக்கு அணில் கிட்ட வராது. வலை ஓர் அங்குலக் கண். அதற்குக் குறைந்தால் தடித்த முளை சிக்கிக்கொள்ளும். மண்ணுக்கு இரண்டு விரல் கீழே விரித்து மூடுங்கள். முக்கியமாக, உதிர்ந்த பழுப்புத் தோல்களைப் பாத்தியின் மேல் விட்டுவிடாதீர்கள். அவற்றைப் பார்த்துத்தான் அணில் கிழங்கு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது.